பழைய லொறிக்கு ஸ்டியரிங் பொக்ஸ் மாற்றுவது: மலைநாட்டு வீதிகளில் ஓடும் வண்டிகளுக்கான முழு வழிகாட்டி

ஸ்டியரிங்கில் ஆட்டம் வந்துவிட்டது என்று லொறியைக் கராஜுக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் முதலில் கை போவது பொக்ஸின் மூடியில் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவுக்குத்தான். அரைச் சுற்று இறுக்கியதும் ஆட்டம் குறைந்துவிடும், சாரதியும் சந்தோஷமாகப் போய்விடுவார். சமதரையில் ஓடும் வண்டிக்கே இது நல்ல வைத்தியம் இல்லை. ரம்பொடையிலும் கினிகத்தேனையிலும் ஏறி இறங்கும் வண்டிக்கு இது ஆபத்து.

காரணம் பொக்ஸின் உள்ளே இருக்கிறது. பழைய லொறிகளில் பெரும்பாலும் இருப்பது 'ரீசர்குலேட்டிங் போல்' எனப்படும், குண்டுகள் உருளும் வகைப் பொக்ஸ். உள்ளே ஒரு வேர்ம் தண்டு, அதன்மேல் இரும்புக் குண்டுகளில் உருளும் நட்டு, அந்த நட்டின் பற்களில் பிடித்துத் திரும்பும் செக்டர் தண்டு. சில்லுகள் நேராக நிற்கும்போது இந்தப் பற்கள் மிக நெருக்கமாகக் கடிக்கும்படியும், இரு பக்கமும் திரும்பத் திரும்பக் கொஞ்சம் இளகும்படியும் வெட்டியிருப்பார்கள். வண்டி அதிக நேரம் ஓடுவது நேராக என்பதால் தேய்வதும் அந்த நடுப்பகுதிதான். தேய்ந்த நடுவின் ஆட்டத்தைப் போக்க ஸ்க்ரூவை இறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் கல்லாய் இறுகும். நேர் வீதியில் எல்லாம் சரிபோலத் தெரியும். கொண்டை ஊசி வளைவை எடுத்து முடித்ததும்தான் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராமல் நின்றுவிடும். கொழுந்து மூட்டைகளோடு இறங்கும் லொறியில், சாரதி அதை இழுத்துத் திருப்பும் அந்தக் கண நேரத்தில் வண்டி எதிர்ப்பக்கத்தில் நிற்கும்.

ஆகவே நடுவில் தேய்ந்த பொக்ஸை மாற்றத்தான் வேண்டும். கீழே வரும் முறை 1980, 90களின் இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர், டொயோட்டா டைனா போன்ற பவர் ஸ்டியரிங் லொறிகளுக்குப் பொருந்தும். டாட்டா 1210 போன்ற பழைய வண்டிகளில் பவர் இல்லாத பொக்ஸ் இருந்தால் ஹோஸ், பம்ப் வேலைகளை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் ஒன்றுதான்.

முதலில், குற்றம் பொக்ஸிலா?

பொக்ஸை மாற்றிய பிறகும் ஆட்டம் அப்படியே இருக்கிறது என்று திரும்பி வரும் வண்டிகள் உண்டு. பரிசோதிக்க இரண்டு பேரும் கால் மணி நேரமும் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளை நேராக்கி, பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சினை ஐட்லிங்கில் ஓட விடுங்கள். ஸ்டியரிங் வீலின் விளிம்பில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, சில்லு அசையத் தொடங்கும் வரை இரு பக்கமும் விரலால் மெதுவாகத் திருப்பி, விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் சும்மா நகர்கிறது என்று அளக்க வேண்டும். 30 மி.மீ. வரை பழைய லொறிக்குப் பரவாயில்லை. 50 மி.மீ. தாண்டினால் ஆட்டம் எங்கே என்று தேடியே ஆக வேண்டும்.

இப்போது ஒருவர் மேலே இருந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும். மற்றவர் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் கைக்குத் தெரியும். சில்லுகள் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். எஞ்சின் ஓடுவதால் பெல்ட், ஃபேன் பக்கம் கையும் சட்டையும் போகக்கூடாது.

கொலம் தண்டின் யூனிவர்சல் ஜொயிண்டில் ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் தாமதித்தால் குற்றம் ஜொயிண்டில். பொக்ஸுக்குள் போகும் தண்டு திரும்பியும், பொக்ஸின் அடியில் தொங்கும் ட்ரொப் ஆர்ம் அசையாமல் நின்றால் குற்றம் பொக்ஸில். ட்ரொப் ஆர்ம் அசைந்து, அதிலிருந்து சில்லுப் பக்கம் போகும் தண்டான ட்ரெக் லிங்க் பிந்தினால் பந்து மூட்டு தேய்ந்திருக்கிறது. ட்ரெக் லிங்க் வரை சரியாக வந்து சில்லு மட்டும் பிந்தினால் கிங் பின்னை, அதாவது முன்சில்லு திரும்பும் அச்சாணியைப் பாருங்கள். பொக்ஸ் முழுவதுமே சேஸியில் அசைந்தால் அதுதான் மிக மோசம். போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது சேஸி வெடித்திருக்கும். குழியும் கல்லுமான தோட்டத்து வீதிகளில் ஓடும் லொறிகளில் இதை நிச்சயமாகப் பார்க்க வேண்டும்.

மாற்றுப் பொக்ஸைத் தெரிவு செய்வது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, பழைய லொறிகளை இன்னும் சில வருடம் ஓட்டியே ஆகவேண்டிய நிலை பலருக்கும் வந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பொக்ஸ் கிடைக்கும். ஜப்பானும் நம்மைப்போல இடதுபக்கம் ஓட்டும் நாடு என்பதால் அங்கிருந்து வரும் பொக்ஸ் வலதுகை ஸ்டியரிங்குக்கு உரியது. வேறு நாட்டிலிருந்து வந்த பொக்ஸ் வெளியில் ஒரேமாதிரி இருந்தாலும் திரும்பும் திசை எதிராக இருக்கலாம்.

கடைக்குப் போகும்போது பழைய பொக்ஸின் நம்பரும் படமும் கையில் இருக்கட்டும். முடிந்தால் பொக்ஸையே கழற்றிக் கொண்டுபோவது நல்லது. ஒப்பிட வேண்டியவை: போல்ட் துளைகளின் இடைவெளி, செக்டர் தண்டின் பருமனும் பற்களின் எண்ணிக்கையும், உள்தண்டின் பற்கள், ஹோஸ் வாய்களின் மரை, ஒரு லொக்கிலிருந்து (முழுதாகத் திரும்பி நிற்கும் ஓரம்) மறு லொக் வரை எத்தனை சுற்று என்பது. கடைசியில் சொன்னதைப் பலர் பார்ப்பதில்லை. சுற்று எண்ணிக்கை வேறென்றால் உள்ளே விகிதம் வேறு. அது பொருந்தும், ஆனால் சாரதியின் கைப்பழக்கத்துக்குப் பொருந்தாது.

பிறகு பொக்ஸைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரை பட்டுப்போல ஓட வேண்டும். நடுவைத் தாண்டும்போது மட்டும் ஒரு மெல்லிய இறுக்கம் விரலுக்குத் தெரிந்தால் அது நல்ல அடையாளம். கட்டுக்கட்டென்று படிப்படியாக இறங்கினால் குண்டுகளோ அவை ஓடும் பாதையோ குழிந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். செக்டர் தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒயில் கசியும்.

போல்ட் காதுகளில் (போல்ட் துளை உள்ள நீட்டங்களில்) வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு, செலவு கிடையாது. காதைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். துணியால் காயத் துடைத்துவிட்டுப் பாடசாலைச் சோக்கை அரைத்துத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து, வெள்ளைச் சோக்கில் மயிர்போன்ற ஒரு கருங்கோடு தெரியும். கோடு தெரிந்த பொக்ஸ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

தேவையான சாமான்கள்

ட்ரொப் ஆர்ம் புள்ளர், டோர்க் ரெஞ்ச், இரண்டு எக்ஸல் ஸ்டான்ட், ஜக், சில்லுக்கு நாலு கட்டை, சென்டர் பஞ்ச், இரண்டு சுத்தியல், ஒயில் பிடிக்க அகலமான பாத்திரம். புதிதாக வாங்க வேண்டியவை ஹோஸ் வாய்களுக்கான செப்பு வோஷர்கள், ஸ்ப்ளிட் பின்கள், ட்ரொப் ஆர்ம் நட்டின் லொக் வோஷர், பவர் ஸ்டியரிங் ஒயில் டேங்கியின் ஃபில்டர் (இருந்தால்), கைப்புத்தகம் சொல்லும் ஒயில் 4 லீற்றர். ஜப்பான் பவர் பொக்ஸ்களில் பெரும்பாலும் டெக்ஸ்ரன் வகை ஏ.டி.எஃப். ஒயில்தான். பவர் இல்லாத பொக்ஸுக்கு எஸ்.ஏ.இ. 90 கியர் ஒயில். அடைப்பான் துளையின் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினால் போதும். ஹோஸ் பழையதென்றால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். வளைத்துப் பார்த்தால் மேல்தோல் வெடிக்கும் ஹோஸ் லபுக்கலை ஏற்றத்தில் புட்டுக்கொண்டால் அதன்பின் கையால்தான் திருப்ப வேண்டும்.

கழற்றுதல்

வீதியோரத்தில் இந்த வேலை வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலை முற்றம்போலக் கொங்கிரீட் போட்ட சமதரை வேண்டும். கெபின் சாயும் லொறி என்றால் இது இன்னும் முக்கியம்: வண்டி இறக்கம் பார்த்து நின்றால், சாய்க்கும்போது கெபின் தன் பாரத்தில் வேகமாக விழும். தாங்குக் கம்பி பூட்டியிருப்பதைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே தலையை உள்ளே விட வேண்டும்.

வண்டியை ஐந்து மீட்டராவது நேராக முன்னால் ஓட்டி நிறுத்துங்கள். சில்லு உண்மையில் நேராவது அப்படித்தான். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஸ்டியரிங் வீலைக் கயிற்றால் சீட்டோடு கட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை அது திரும்பக்கூடாது.

பொக்ஸைச் சுற்றியுள்ள சேற்றைத் தகட்டால் சுரண்டி, மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டுக் கழுவுங்கள். ஹோஸ் வாய் திறந்ததும் உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல் புதுப் பொக்ஸின் வால்வைக் கெடுக்கப் போதும். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒயிலைப் பாத்திரத்தில் வடியுங்கள். அதைக் கானில் ஊற்ற வேண்டாம். தோட்டத்துக் கான் இறங்கும் ஓடையில்தான் கீழே இருக்கும் லயத்துக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். மூடியுள்ள கேனில் பிடித்து வையுங்கள். இரண்டு ஹோஸ்களுக்கும் அடையாளம் கட்டி, வாய்களைச் சுத்தமான பொலித்தீனால் மூடுங்கள்.

யூனிவர்சல் ஜொயிண்டும் தண்டும் சேரும் இடத்தில் சென்டர் பஞ்சால் இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டு, பிடி போல்ட்டை முழுவதும் உருவுங்கள். அது தண்டில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். தளர்த்தியது போதும் என்று இழுத்தால் வராது. வராததற்குச் சுத்தியலால் அடிப்பதும் கூடாது. அந்த அடி நேராக உள்ளே இருக்கும் குண்டுகளில் விழும். பிளவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கொஞ்சம் அகட்டினால் நழுவும்.

ட்ரெக் லிங்கின் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டை நாலைந்து மரை மட்டும் தளர்த்தி அப்படியே விடுங்கள். ட்ரொப் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனத்த சுத்தியலைத் தாங்கிப் பிடித்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால் கூம்பு விட்டுவிடும். மரையின் தலையில் அடித்தால் மரை கெடும், வேறு பயன் இல்லை.

ட்ரொப் ஆர்ம் மட்டும் மனிதரின் பொறுமையைச் சோதிக்கும். தண்டிலும் ஆர்மிலும் ஒரே கோட்டில் அடையாளம் வைத்து நட்டைக் கழற்றி, புள்ளரைப் பூட்டி இறுக்குங்கள். வராவிட்டால் துரு இளக்கும் ஒயிலை ஊற்றி, இறுக்கிய நிலையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, புள்ளர் போல்ட்டின் தலையில் ஒரு தட்டு தட்டுங்கள். படீரென்று விடும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் வைத்துச் சூடாக்குவது பல கராஜ்களில் பழக்கம். அதைச் செய்யவே கூடாது. ஆர்ம் பதம் ஏற்றிய இரும்பு. சிவக்கச் சுட்டால் பதம் இறங்கி, என்றோ ஒரு நாள் வளைவில் வளையும் அல்லது முறியும். பொக்ஸை ஆர்மோடு இறக்கி மேசையில் வைத்துக் கழற்ற இடமிருந்தால் அதுவே சுலபம்.

பொக்ஸ் 15 முதல் 30 கிலோ வரை இருக்கும். அடியில் ஜக்கைக் கொடுத்து, கீழ் போல்ட்டுகளை முதலிலும் மேல் போல்ட்டைக் கடைசியிலும் கழற்றுங்கள். பொக்ஸுக்கும் சேஸிக்கும் இடையில் தகடோ வோஷரோ இருந்தால் எந்தத் துளையில் எது என்று எழுதி வையுங்கள். இறக்கியதும் சேஸியைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, துளைகளிலிருந்து வெடிப்பு ஓடுகிறதா, துளை முட்டை வடிவாகிவிட்டதா என்று பாருங்கள். வெடிப்பின்மேல் ஒரு வெல்டிங் கோடு இழுத்துவிட்டுப் புதுப் பொக்ஸைப் பூட்டுவது வீண் வேலை. வெல்டிங்கின் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கும். வெடிப்பின் நுனியில் துளையிட்டு, உள்ளே பலப்படுத்தும் தகடு வைத்துச் சேஸி வேலை தெரிந்தவர் செய்ய வேண்டும்.

நடுவைப் பிடிப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான். பொக்ஸின் நடு, சில்லின் நேர், ஸ்டியரிங் வீலின் நேர் மூன்றும் ஒன்றாக வர வேண்டும்.

புதுப் பொக்ஸின் தண்டை ஒரு ஓரம் வரை மெதுவாகத் திருப்புங்கள். கடைசியில் மோத விடக்கூடாது. அங்கிருந்து மறு ஓரம் வரை எண்ணுங்கள். நாலரைச் சுற்று என்றால் திரும்பி வந்து இரண்டேகாலில் நிறுத்துங்கள். அதுதான் நடு. தண்டிலும் பொக்ஸ் உடலிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். பவர் பொக்ஸ் திருப்பும்போது மிச்ச ஒயிலைத் துப்பும், துணி வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரொப் ஆர்ம் ஒரே ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டால் என்ன நடக்கும்? வண்டி நேராகத்தான் ஓடும். ஆனால் பொக்ஸ் எப்போதும் நடுவுக்கு வெளியே, இளகிய பற்களில் நின்று ஓடும். புதுப் பொக்ஸிலும் ஆட்டம் தெரியும். ஒரு பக்கம் திருப்பும்போது எக்ஸலின் ஸ்டொப் போல்ட்டைத் தொடுமுன் பொக்ஸின் உட்பகுதி முடிந்து மோதும், நாளடைவில் உடையும். அந்தப் பக்கத்து வளைவில் லொறி ஒரே வெட்டில் திரும்பாமல் பின்னெடுக்க வேண்டிவரும்.

பூட்டுதல்

பொக்ஸும் சேஸியும் தொடும் முகங்களில் பெயின்ட், துரு எதுவும் இருக்கக்கூடாது. பெயின்ட் நாளடைவில் நசுங்கி உதிர, போல்ட் தளரும். முதலில் தண்டை ஜொயிண்டில் நுழைத்துவிட்டு, பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் ஏற்றி, குறுக்கு மறுக்காக இரண்டு தவணையில் இறுக்குங்கள். கைப்புத்தகத்தின் அளவுதான் முதன்மை. அது கிடைக்காத இடத்தில் போல்ட்டின் தலை எண்ணைப் பார்த்து இறுக்கலாம். காய்ந்த மரையில் 12 மி.மீ. 8.8 போல்ட்டுக்கு ஏறக்குறைய 80 நியூட்டன் மீட்டர், 10.9 என்றால் 115. 14 மி.மீ. போல்ட்டுக்கு 8.8 என்றால் 130, 10.9 என்றால் 185. 10.9 இருந்த இடத்தில் எண் இல்லாத கடைப் போல்ட்டைப் போடுவது உயிரோடு விளையாடுவது.

பொக்ஸ் இறுகிய பிறகுதான் ஜொயிண்டின் பிடி போல்ட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொலம் ஒரு பக்கம் இழுபட்டு ஸ்டியரிங் கனக்கும். இடைத்தண்டின் இரு முனைகளிலும் ஜொயிண்ட் இருந்தால், தண்டோடு சேர்ந்த இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒன்று தொண்ணூறு பாகை திரும்பியிருந்தால் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை கனத்து இரண்டு முறை இளகும். பொக்ஸில்தான் குற்றம் என்று தேடி அலைய வேண்டிவரும்.

ட்ரொப் ஆர்மின் பற்களை ஒயில் இல்லாமல் துடைத்து, பொக்ஸ் நடுவில் நிற்கும்போது அடையாளம் பார்த்து ஏற்றுங்கள். சில தண்டுகளில் ஒரு அகலப் பல் இருக்கும், அப்படியென்றால் தவறவே வழியில்லை. நட்டைக் கைப்புத்தகத்தின் அளவுக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்கி லொக் வோஷரை மடியுங்கள். பிறகு ட்ரெக் லிங்க். அதன் முனை ஆர்மின் துளைக்கு நேராக வராவிட்டால் லிங்கின் நீளத்தைத்தான் திருத்த வேண்டும். ஆர்மையோ சில்லையோ இழுத்துப் பொருத்தக்கூடாது. ஸ்ப்ளிட் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்த வேண்டாம்.

ஒயில் கழுவுதலும் காற்று எடுத்தலும்

பழைய பொக்ஸ் தேய்ந்ததென்றால் அதன் இரும்புத் தூள் பம்பிலும் டேங்கியிலும் இருக்கிறது. அதைக் கழுவாமல் விட்டால் புதுப் பொக்ஸின் சீல்களை அதே தூள் அரைக்கும். டேங்கியைக் கழற்றிக் கழுவி ஃபில்டரை மாற்றுங்கள். முன் எக்ஸலை ஸ்டான்டில் ஏற்றி, ரிட்டர்ன் ஹோஸை ஒரு கேனுக்குள் விட்டு, டேங்கியின் ரிட்டர்ன் வாயை அடைத்துவிடுங்கள். ஒருவர் டேங்கியில் புது ஒயில் ஊற்றிக்கொண்டே இருக்க, எஞ்சினைச் சில விநாடிகள் ஓட்டி நிறுத்துங்கள். டேங்கி வற்ற விடக்கூடாது. கேனில் விழும் ஒயில் தெளிவாக வரும்வரை செய்தால், ஏறக்குறைய 2 லீற்றர் போகும்.

ஹோஸை மறுபடி பூட்டி டேங்கியை நிரப்புங்கள். எஞ்சின் ஓடாமலே ஸ்டியரிங்கை ஓரத்திலிருந்து ஓரம்வரை பத்துப் பதினைந்து முறை மெதுவாகத் திருப்பி, குறையக் குறைய ஊற்றுங்கள். அதன்பின் எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு மறுபடி திருப்புங்கள். ஓரத்தில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், பம்ப் சூடேறும். ஒயில் நுரைத்துப் பால்போல வெளுத்தால் காற்று இருக்கிறது. அரை மணி நேரம் நிறுத்தி நுரை அடங்கிய பின் தொடருங்கள். எஞ்சினை நிறுத்தியதும் டேங்கியில் ஒயில் மட்டம் சட்டென்று மேலே ஏறினாலும் காற்று இன்னும் உள்ளே என்று அர்த்தம்.

வண்டி ஸ்டான்டில் இருக்கும்போதே நேரிலிருந்து இடது ஸ்டொப் வரை, வலது ஸ்டொப் வரை சுற்றுகளை எண்ணுங்கள். இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். இரு பக்கமும் முதலில் தொடுவது எக்ஸலின் ஸ்டொப் போல்ட்டாக இருக்கட்டும். பிரஷர் ஹோஸ் சில்லிலோ சேஸி விளிம்பிலோ உரசுகிறதா என்பதையும், கெபினை இறக்கிய பின் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள்.

அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைத் தொட வேண்டிவந்தால், ட்ரெக் லிங்கைக் கழற்றி, பொக்ஸைச் சரியான நடுவில் வைத்துத்தான் தொட வேண்டும். லொக் நட்டைத் தளர்த்தி, ட்ரொப் ஆர்மைக் கையால் ஆட்டிக்கொண்டே ஸ்க்ரூவை ஏற்றி, ஆட்டம் மறைந்த இடத்தில் நிறுத்துங்கள். ஸ்க்ரூ திரும்பாமல் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்கிய பின், ஓரம்வரை திருப்பிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் இறுக்கியது அதிகம்.

ஓட்டிப் பார்த்தல்

பாரம் ஏற்றாமல் முற்றத்திலேயே எட்டுப் போடுங்கள். மெதுவான வேகத்தில் திருப்பிய ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டால் தானாக நடுவை நோக்கி வர வேண்டும். வராவிட்டால் வீதிக்கு எடுக்கக் கூடாது. ஸ்க்ரூ இறுக்கம், ஜொயிண்ட் பிடிப்பு, கிரீஸ் காணாத கிங் பின் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால், வீலைக் கழற்றி மாட்டாமல் ட்ரெக் லிங்கின் நீளத்தில் திருத்துங்கள். வீலை மாற்றி மாட்டினால் கோணல் மறையும், பொக்ஸ் நடுவுக்கு வெளியேதான் நிற்கும். கையை எடுத்ததும் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் ஓடினால் முதலில் டயர் காற்று, அதன்பின் பொக்ஸின் வால்வு.

முதல் ஓட்டம் ஏற்றத்தில் இருக்கட்டும், இறக்கத்தில் வேண்டாம். வளைவில் எஞ்சின் வேகம் குறையும்போது மட்டும் ஸ்டியரிங் கனத்தால் பம்ப் பெல்ட்டைப் பாருங்கள். மழைக் காலத்தில் நனைந்த பெல்ட் வழுக்கிக் கீச்சிடும். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் சாரதிகளுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: எஞ்சின் நின்றால் பவரும் நிற்கும், பாரத்தோடு இருக்கும் முன்சில்லைக் கையால் அந்த வேகத்தில் திருப்ப முடியாது.

பூட்டிய எல்லா நட்டு, போல்ட்டிலும் சேஸியைத் தொடும்படி ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறையும், 500 கிலோமீட்டரில் டோர்க் ரெஞ்சோடு இன்னொரு முறையும் பாருங்கள். அதன்பின் காலையில் லொறி எடுக்குமுன் கிளீனர் டோர்ச் அடித்துப் பார்த்தாலே போதும். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது, அன்றைக்குக் கொழுந்து ஏற்ற வேறு லொறிக்குச் சொல்லுங்கள்.